இங்கிலீஷ் டீச்சர்களுக்கு டீச்சராவது எப்படி: சென்னையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவர்கள் பெரும்பாலும் கலைக் கல்லூரி வேலையைத்தான் குறி வைப்பார்கள். அது அமையாவிட்டால் மேல்நிலைப் பள்ளி, அதுவும் இல்லையென்றால் ஏதாவது ஐடி கம்பெனியில் கன்டென்ட் ரைட்டிங். நடுவில் இன்னொரு வேலை இருப்பது பலருக்கு நினைவுக்கே வராது. பி.எட். கல்லூரியில் நாளைய இங்கிலீஷ் டீச்சர்களைத் தயார் செய்கிற வேலை அது. அதோடு இளையோர் இலக்கியத்தையும், அதாவது 12 முதல் 18 வயதுக்காரர்களுக்காக எழுதப்படும் கதைகளையும், சேர்த்துச் சொல்லிக்கொடுக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் பாதி, இங்கிலீஷில் ஒரு முழுப் புத்தகத்தைக்கூட ஆசைக்காக வாசித்திராத இருபத்திரண்டு வயதுக்காரர்களை வாசகர்களாக்குவதுதான். மெத்தடாலஜி எல்லாம் அதற்கு அப்புறம்.

வேலை எங்கே இருக்கிறது

சென்னையில் ஆசிரியர் பயிற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. சைதாப்பேட்டையில் இன்று ஐஏஎஸ்இ என்று அழைக்கப்படும் அரசுக் கல்லூரியின் தொடக்கம் 1856. மெரினாவைப் பார்த்தபடி நிற்கும் லேடி வில்லிங்டன், வேப்பேரி செயின்ட் கிறிஸ்டோபர்ஸ், ராயப்பேட்டை மெஸ்டன், அசோக் நகர் ஸ்டெல்லா மாட்டுடினா ஆகியவை ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். இவற்றுக்கெல்லாம் மேலே, 2008இல் வந்த தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். புறநகரிலும் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களிலும் சுயநிதிக் கல்லூரிகள் ஏராளம்.

ஆனால் இடங்கள் குறைவு என்பதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமமான என்சிடிஇயின் 2014 விதிகளின்படி, 50 பேர் கொண்ட இரண்டு யூனிட், அதாவது வருடத்துக்கு 100 மாணவர்களைச் சேர்க்கும் பி.எட். கல்லூரிக்கு 16 முழுநேர ஆசிரியர்கள். அவர்களில் பாடவாரிக் கற்பித்தல் முறைக்கு 8 பேர். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், மொழிகள் எல்லாம் அந்த எட்டைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆக, ஒரு கல்லூரியில் ஆங்கிலத்துக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். கல்லூரிக்கு வெளியே கல்லூரிச் சாலையில் உள்ள மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமான எஸ்சிஇஆர்டி, மாவட்டங்களில் உள்ள டயட் எனும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள், பெரிய தனியார் பள்ளிக் குழுமங்களின் பயிற்சிப் பிரிவுகள் ஆகியவற்றிலும் இதே தன்மையுள்ள வேலை உண்டு.

இணையத்தில் தேடும்போது ஒரு குழப்பம் வரும். இந்தியாவில் என்சிடிஇ என்றால் ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமம், சட்டப்படி அமைந்த அரசு அமைப்பு. அமெரிக்காவில் அதே நான்கு எழுத்து 1911இல் தொடங்கிய ஆங்கில ஆசிரியர்கள் சங்கத்தைக் குறிக்கும். தகுதி விதிகளுக்கு முன்னதையும் இளையோர் இலக்கியத்துக்குப் பின்னதையும் தேடுங்கள். இரண்டும் வேண்டியவைதான்.

படிப்பு வரிசை

பி.எட். கல்லூரியில் ஆங்கிலக் கற்பித்தல் முறை எடுக்க, ஆங்கிலத்தில் முதுகலை 55 விழுக்காடு, எம்.எட். 55 விழுக்காடு, இரண்டும் வேண்டும். முனைவர் பட்டம் இருந்தால் விரும்பத்தக்கது என்கிறது விதி. ஆசிரியர் தேர்வு வாரியமான டிஆர்பி மூலம் நிரப்பப்படும் அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், செட் எனும் தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகளில் ஒன்று அல்லது பிஎச்டி என்ற வரம்பும் சேரும். நெட் தேர்வில் ஆங்கிலம், கல்வியியல் என்று இரண்டுமே தனித்தனிப் பாடங்களாக இருக்கின்றன. எதை எழுதுவது என்று குழம்புகிறவர்களுக்கு என் யோசனை: முதலில் ஆங்கிலம். கலைக் கல்லூரிக் கதவும் திறந்திருக்கும்.

பி.ஏ. மூன்று ஆண்டு, எம்.ஏ. இரண்டு, பி.எட். இரண்டு, எம்.எட். இரண்டு. பிளஸ் டூவுக்குப் பிறகு 9 ஆண்டு. வீட்டில் இதைச் சொன்னால் முகம் மாறத்தான் செய்யும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை, முடிக்கவும் கூடாது. ஏன் என்பது அடுத்த பகுதியில்.

நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வி நாட்டில் தொடங்கிவிட்டது, பி.எட். காலம் பற்றியும் புதுப் பேச்சுகள் நடக்கின்றன. அதனால் சேரும் ஆண்டில் வந்திருக்கும் அறிவிக்கையை நீங்களே படித்துப் பாருங்கள். சீனியர் சொன்னார், சென்டர்க்காரர் சொன்னார் என்று பணம் கட்டாதீர்கள்.

முதலில் பள்ளிக்கூடம்

பி.எட். முடித்த கையோடு எம்.எட்., அது முடிந்த கையோடு பி.எட். கல்லூரியில் லெக்சரர் என்று போகிறவர்கள் நிறைய. விதி அதைத் தடுப்பதில்லை. நான் தடுப்பேன். எட்டாம் வகுப்பு பி செக்‌ஷனில் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் பீரியடைச் சமாளிக்காத ஒருவர், இன்னொருவருக்கு வகுப்பறை மேலாண்மை பற்றி என்ன சொல்லிவிட முடியும்? மாணவ ஆசிரியர்கள் இதை முதல் வாரத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

குறைந்தது நான்கைந்து ஆண்டு பள்ளியில் இருங்கள். முடிந்தால் இரண்டு வகைப் பள்ளியில்: ஒன்று தமிழ்வழிப் பிள்ளைகள் இருக்கும் அரசு அல்லது உதவிபெறும் பள்ளி, இன்னொன்று மெட்ரிக் அல்லது சிபிஎஸ்இ. அரசுப் பள்ளியில் 6 முதல் 10ஆம் வகுப்புக்கு டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் தேவை, மேல்நிலைக்கு பிஜி டிஆர்பி தேர்வு. தனியார் பள்ளியில் நேரடி நேர்காணல். எங்கே இருந்தாலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கேட்ட கேள்வி, பாதியில் செத்துப்போன பாடம், தானாகக் களைகட்டிய பாடம் என்று தேதியோடு நாலு வரி போதும். பின்னாளில் பி.எட். வகுப்பில் எந்தப் பாடநூலையும்விட இதுதான் கைகொடுக்கும்.

இளையோர் நூல்களை நீங்கள் வாசியுங்கள்

அமெரிக்காவில் ஆங்கில ஆசிரியராகப் போகிறவர்களுக்கு இளையோர் இலக்கியம் தனித் தாளாகவே பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. அங்கே நவீன இளையோர் நாவலின் தொடக்கமாக 1967இல் வெளிவந்த 'தி அவுட்சைடர்ஸ்' நாவலைச் சொல்வது வழக்கம். அது அச்சாகும்போது அதை எழுதிய பெண்ணுக்கு வயது 18. பதின்வயதுக்காரர்களைப் பற்றிப் பெரியவர்கள் எழுதிக்கொண்டிருந்தபோது, உள்ளே இருந்தே ஒரு குரல் வந்தது. 1973இல் இதற்கென்று அலன் என்ற அமைப்பு உருவாகி, இன்றும் இதழ் நடத்துகிறது. அதன் பழைய இதழ்கள் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். வகுப்பறைக்குப் பயன்படும் கட்டுரைகள் அவற்றில் கொட்டிக் கிடக்கின்றன.

நம் பக்கத்தில் சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் தருகிறது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஆண்டுதோறும் ஒவ்வொன்று. அந்தப் பட்டியல் ஒரு நல்ல தொடக்கம். சென்னையிலிருந்தே இயங்கும் தூலிகா, தாரா, கராடி டேல்ஸ் பதிப்பகங்களின் நூல்களையும் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கானவைதான் அதிகம். ஆனால் படக்கதை வடிவில் தாரா கொண்டுவந்தவை பதின்வயதுக்கும் பொருந்தும்.

புத்தகத்துக்குக் காசு எங்கே என்று கேட்பீர்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. நாட்டில் அச்சாகும் நூல்கள் சட்டப்படி வந்து சேரும் எழும்பூர் கன்னிமாரா இருக்கிறது. திருவல்லிக்கேணி பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகளில், யாரோ வெளிநாடு போகும்போது போட்டுவிட்டுப் போன அமெரிக்க டீன் நாவல்கள் அடுக்கிக் கிடக்கும். கைடுகளுக்கும் என்ட்ரன்ஸ் புத்தகங்களுக்கும் அடியில் கொஞ்சம் துழாவ வேண்டும், அவ்வளவுதான். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சி.

தமிழ் இளையோர் கதைகளையும் சேர்த்தே வாசியுங்கள். ஆங்கில ஆசிரியர் ஆங்கிலம் மட்டும் வாசித்தால் போதும் என்பது ஒரு வறட்டு எண்ணம். உங்கள் மாணவர்கள் கதைக்குள் முதலில் நுழையும் வாசல் தமிழாகத்தான் இருக்கும்.

நம் ஊரில் ஏற்கெனவே நடந்த இரண்டு சோதனைகள்

பாடநூல்களில் இவை ஒரு பத்தியோடு முடிந்துவிடுகின்றன. இந்த ஊரில் இந்த வேலைக்கு வருகிறவர் கொஞ்சம் ஆழமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, 1950களின் கடைசியில் மதராஸ் மாநிலத்தில் தொடங்கிய பெரும் பயிற்சித் திட்டம். தொடக்கநிலையில் ஆங்கிலம் சொல்லித்தரும் 27,000 ஆசிரியர்களை மறுபயிற்சிக்கு உட்படுத்த முயன்றார்கள். சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் மற்றவர்களுக்குக் கொடுத்து, அவர்கள் இன்னும் பலருக்கு. பனியே பார்க்காத ஊரில் இதற்கு 'மதராஸ் ஸ்னோபால்', அதாவது உருள உருளப் பெருக்கும் பனிப்பந்து, என்று பெயர் வைத்தார்கள். இந்த அடுக்குமுறையில் உள்ள சிக்கல் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது: மேலே ஏன் என்ற விளக்கத்தோடு சொன்னது, கீழே வரும்போது செய்ய வேண்டியவற்றின் பட்டியலாகச் சுருங்கிவிடும். எந்தப் பணியிடைப் பயிற்சியில் உட்கார்ந்தாலும் பார்க்கலாம்.

இரண்டாவது, ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் நடத்திய திட்டம். இலக்கணத்தை வரிசைப்படுத்திச் சொல்லித்தராமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து ஒரு கணக்கைத் தீர்க்கச் சொன்னார்கள். யோசிக்கிற போக்கில் மொழி வரும் என்பது நம்பிக்கை. டாஸ்க் வழிக் கற்பித்தல் என்று உலகம் முழுக்கப் பேசப்படுவதற்கு முக்கியமான வேர்களில் ஒன்று இது. பிரபு டாஸ்க்குகளை மூன்றாகப் பிரித்தார்: ஒருவரிடம் உள்ள தகவலை மற்றவருக்குக் கடத்துவது, தகவலிலிருந்து தர்க்கத்தால் ஒன்றைக் கண்டடைவது, சொந்தக் கருத்தைச் சொல்வது. கதையை முடித்து வைக்கச் சொல்வதை மூன்றாவதில் சேர்த்தார். வகுப்பில் நன்றாக வேலை செய்தது இரண்டாவதுதான் என்றும் சொன்னார்.

இளையோர் கதையைக் கையில் எடுக்கும்போது இந்தப் பிரிவு எனக்கு மிகவும் உதவுகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

பி.எட். வகுப்பில் என்ன செய்வது

உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். தமிழ்வழியில் படித்து, பி.ஏ. இங்கிலீஷை நோட்ஸ் வைத்துத் தேறியவர்கள். நாடகத்தின் பெயர், எழுதியவர், கருப்பொருள், கதைச் சுருக்கம் எல்லாம் சொல்வார்கள். நூலைத் தொட்டிருக்க மாட்டார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, தேர்வு அதைத்தான் கேட்டது.

அதனால் முதல் மாதம் முழுக்க, ஒவ்வொரு வகுப்பின் முதல் 15 நிமிடமும் வாசிப்பு. அவரவர் புத்தகம், அவரவர் வேகம். மெல்லிய புத்தகங்களும் படக்கதைகளும் ஒரு பெட்டியில் வைத்துவிடுங்கள். பிடிக்காவிட்டால் பாதியில் வைத்துவிட்டு வேறு எடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இந்த ஒரு அனுமதி கிடைத்ததும் வகுப்பின் முகமே மாறும். கேள்வித்தாள், சுருக்கம், ரெக்கார்டு எதுவும் வேண்டாம். நீங்களும் உட்கார்ந்து வாசியுங்கள். அந்த நேரத்தில் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைத் திறந்தால் எல்லாம் கெட்டது.

பிரின்சிபால் கேட்பார்: "சிலபஸ் எப்ப சார் முடிப்பீங்க?" வாசிப்புத் திறன் கற்பித்தல் என்ற அலகு சிலபஸிலேயே இருக்கிறது, அதன் செய்முறை இது என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

அடுத்தது கேள்வி கேட்கும் பயிற்சி. இதற்கென்று நானே எழுதி வைத்திருக்கும் ஒரு பத்தி உண்டு. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தனக்கு வந்த ஒரு மெசேஜை அண்ணனின் போனில் படிக்கிறாள், அழிக்கிறாள், பிறகு போனை மேசையில் முன்பு இருந்த அதே கோணத்தில் திருப்பி வைக்கிறாள். அவ்வளவுதான், எளிய ஆங்கிலத்தில் பத்து வரி. இதற்கு ஐந்து கேள்வி எழுதச் சொன்னால் பெரும்பாலும் வருவது: போன் யாருடையது? எங்கே இருந்தது? அவள் வயது என்ன? 'மெசேஜ்' என்ற சொல்லை வாக்கியத்தில் அமைக்க. கடைசியாக, இந்தக் கதை தரும் நீதி என்ன?

இந்தப் பட்டியலைத் திட்டாமல் கரும்பலகையில் அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: போனை ஏன் அதே கோணத்தில் வைத்தாள்? வகுப்பு சத்தமாகும். "அண்ணன் கண்டுபிடிச்சிடுவான் மேடம்", "ஏற்கெனவே ஒரு தடவை மாட்டியிருப்பா", "அவன் எப்பவும் செக் பண்றவன்". விடுங்கள், தமிழிலேயே வரட்டும். அப்புறம் கேளுங்கள்: எந்த வரியிலிருந்து உனக்கு இது தெரிகிறது? இப்போது எல்லோரும் ஆங்கில வரிகளுக்குத் திரும்பிப் போவார்கள், விரலை வைத்துத் தேடுவார்கள். பிரபு சொன்ன இரண்டாவது வகை டாஸ்க் ஒரு கதைக்குள் நடந்து முடிந்துவிட்டது. பதிலை ஆங்கிலத்தில் சொல்ல முயல்வது அதற்குப் பின். எதையோ கண்டுபிடித்த ஆள் மொழிக்காகத் தடுமாறினாலும் வாயை மூட மாட்டார்.

இதற்குக் கோட்பாட்டுப் பின்புலம் வேண்டுமென்றால் இரண்டு பேர் போதும். லூயிஸ் ரோசன்பிளாட் 1938இலேயே, பொருள் பிரதியில் மட்டும் இல்லை, வாசகரும் பிரதியும் சந்திக்கும் இடத்தில் உருவாகிறது என்று வாதிட்டவர். தகவலை எடுத்துச் செல்ல வாசிப்பது வேறு, அனுபவிக்க வாசிப்பது வேறு என்று பிற்பாடு பிரித்தும் காட்டினார். நம் பள்ளிகள் முன்னதைத்தான் கதைகளுக்கும் செய்கின்றன. ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல், பிள்ளைகளுக்குப் புத்தகம் தங்களைக் காட்டும் கண்ணாடியாகவும் பிறர் உலகைக் காட்டும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்றார். சென்னைப் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடத்தில் சன்னல்கள் நிறைய. வியாசர்பாடியோ கண்ணகி நகரோ தன்னைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடி குறைவு.

கற்பித்தல் பயிற்சியை மேற்பார்வையிடுவது

விதிப்படி இரண்டாண்டு பி.எட்.டில் பள்ளி அனுபவம் குறைந்தது 20 வாரம்: முதலாண்டு 4, இரண்டாமாண்டு 16. நடைமுறையில் இந்த மாதங்கள் சார்ட் வரைவதிலும் ரெக்கார்டு எழுதுவதிலும் கரைந்துவிடும் ஆபத்து உண்டு. லெசன் பிளான் நோட்டில் கையெழுத்து போடுவதற்காக மட்டும் பள்ளிக்குப் போகாதீர்கள். கடைசி பெஞ்சில் உட்காருங்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்.

எனக்குப் பிடித்தது, காத்திருக்கும் நேரம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று காட்டினார். ரெக்கார்டில் எழுத முடியாத விஷயம், ஆனால் கடைசி பெஞ்சிலிருந்து எண்ணிவிடலாம். வகுப்பு முடிந்ததும் மாணவ ஆசிரியரிடம் அந்த எண்ணை மட்டும் சொல்லுங்கள். மற்ற பதினைந்து குறைகளை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளியின் எச்.எம்., வகுப்பு ஆசிரியர் இருவரிடமும் முதல் நாளே பேசி, வாரத்தில் ஒரு பீரியடைக் கதை வாசிக்கக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டு ஆங்கிலப் பாடநூலில் உரைநடை, செய்யுள் தவிரத் துணைப்பாடமும் உண்டு. இளையோர் கதை முறைகளை நுழைக்க அதைவிட வசதியான இடம் கிடையாது. தேர்வுக்கு அவ்வளவு நெருக்கடி இல்லாத பகுதி என்பதால் ஆசிரியர்களும் விட்டுக்கொடுப்பார்கள்.

சங்கடமான கதைகள்

பதின்வயதுக் கதை என்றால் காதல், உடல், அப்பாவின் குடி, தற்கொலை எண்ணம், சாதி எல்லாம் வரும். வராவிட்டால் அது இளையோர் இலக்கியமே இல்லை. அதே நேரம் வகுப்பில் 13 வயதுப் பிள்ளை இருக்கிறது, வாசலில் பெற்றோர் இருக்கிறார்கள்.

மாணவ ஆசிரியர்களுக்கு இதில் நேரடியான பயிற்சி கொடுங்கள். முழு நூலையும் தாங்களே படித்து முடிக்காமல் எதையும் வகுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது. ஏன் இந்த நூல், எந்த வகுப்புக்கு, எந்தப் பக்கத்தில் கேள்வி வரலாம், வந்தால் என் பதில் என்ன என்று அரைப் பக்கம் எழுதி எச்.எம்.மிடம் கொடுத்துவிட வேண்டும். வகுப்பில் யாரையும் 'உன் வீட்டில் எப்படி?' என்று கேட்கக் கூடாது, பேச்சு கதாபாத்திரத்தைப் பற்றியே இருக்கட்டும். ஒரு பிள்ளை தானாக எதையாவது சொன்னால், பள்ளியில் யாரிடம் போவது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். 1098 குழந்தைகள் உதவி எண் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

சாதியைத் தொட வேண்டாம் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு 2024இல் அறிக்கை தந்தது. பள்ளிக்குள் சாதி ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஒரு கதை கொடுக்கும் இடைவெளியை விட்டுவிடக் கூடாது என்பது என் கட்சி.

ஆய்வும் தொடர்புகளும்

எம்.ஃபில். போய்விட்டது. நேராகப் பிஎச்டி, குறைந்தது மூன்றாண்டு. தலைப்பு எடுக்குமுன், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் ஒரு வாரம் செலவழியுங்கள். 'மேல்நிலை மாணவர்களின் ஆங்கில அடைவும் மனப்பான்மையும்' வகை ஆய்வேடுகள் மலைபோல் இருக்கும். ஒரு வகுப்பில் ஓராண்டு கதை வாசித்தால் என்ன நடக்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பதிவு செய்தவை குறைவு. அங்கேதான் உங்களுக்கு இடம்.

1974இல் தொடங்கிய எல்டாய், அதாவது இந்திய ஆங்கில ஆசிரியர் சங்கம், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. உறுப்பினராகுங்கள், அதன் இதழில் வகுப்பறை அனுபவத்தை எழுதிப் பழகுங்கள். ஹைதராபாத்தில் ஆங்கிலம், அயல்மொழிகள் பல்கலைக்கழகமான இஃப்லுவில் ஆங்கிலம் கற்பித்தலுக்கான பட்டயப் படிப்பு நடத்துகிறார்கள். பெங்களூரில் உள்ள வட்டார ஆங்கில நிறுவனமான ஆர்ஐஇ, பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது.

வேலைக்குப் போகும்போது

அரசு, உதவிபெறும் இடங்களில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் யுஜிசி ஏழாவது ஊதியக் குழுப்படி ₹57,700. சுயநிதிக் கல்லூரிகளில் அதில் பாதிகூட வராத இடங்கள் பல. சேருமுன் சம்பளம், பிஎஃப், மே மாதச் சம்பளம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. 'தினமும் வர வேண்டாம், இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் வந்தால் போதும்' என்று எந்த இடத்திலாவது சொன்னால், உங்கள் பெயர் மட்டும்தான் அவர்களுக்கு வேண்டும். நாளைக்கு நல்ல இடத்தில் விண்ணப்பிக்கும்போது அந்தப் பெயர்தான் வந்து இடிக்கும்.

டெமோ வகுப்பு பத்துப் பதினைந்து நிமிடம் கேட்பார்கள். பெரும்பாலோர் ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் எடுப்பார்கள், தேர்வுக் குழு கொட்டாவி விடும். நீங்கள் ஒரு கதையின் அரைப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் போங்கள். குழுவில் இருப்பவர்களுக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்து, உரக்க வாசித்து, நல்ல கேள்வி ஒன்று கேட்டுவிட்டு மூன்று விநாடி காத்திருங்கள்.